கட்டைவிரலின் சாட்சியம்

நண்பர்களே,

ஆண்டில் பெரும்பகுதி மணல் மட்டுமே கிடக்கும் ஆற்றுக்குப் படகு மோட்டார் வாங்கிய குடும்பம் எங்களுடையது. சிரிப்பீர்கள் என்று தெரியும். எங்கள் தெருவும் அன்று சிரித்தது. சிரித்து முடியுங்கள். பிறகு, நம் மன்றத்தில் எதிர்த்தரப்புக்கு அளிக்கும் மரியாதையை இன்று எனக்கு அளித்து, குறுக்கிடாமல் கேளுங்கள். கூட்ட அறிவிப்புகளில் என்னை இன்னமும் 'இளம் பேச்சாளர்' என்றே அச்சிடுகிறார்கள். காதோரம் நரைத்துவிட்டது, உங்களுக்கும் நரைத்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் என் பேச்சில் ஒரு பொய்யையேனும் சுட்டிக்காட்டியவர் உங்களுள் இல்லை. அந்தப் பெருமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தது. மோட்டாரை வாங்கியவர் சித்தப்பா. மணமாவதற்கு முன் அவர் சென்னைத் துறைமுகத்தில் நீராவிப் படகு ஒன்றில் எண்ணெய் போடும் வேலை பார்த்தார். மணமானபின் காஞ்சிபுரத்துக்கே திரும்பி, அப்பாவின் தறிக்கு அடுத்த தறியில் உட்கார்ந்தார். சித்தி பாலாற்றின் தென்கரையில் பிறந்தவள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். மோட்டார் வருவதற்கு முந்தைய ஆண்டு ஐப்பசி அது. ஆறு இரு கரைகளையும் தொட்டது.

வலி கண்டால் அக்கரையில் நின்று வெள்ளைத் துணியை வீசுவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். துணி வீசப்பட்டது. செய்தி வந்ததும் சித்தப்பா மருத்துவச்சியை அழைத்துக்கொண்டு, ஆற்றின் எங்கள் பக்கமான ஓரிக்கைக் கரைக்கு ஓடினார். ஓடக்காரர்கள் ஓடத்தை அவிழ்க்க மறுத்தார்கள். அந்த நீரில் துடுப்பு எதுவும் செய்யாது என்றார்கள். அன்று முழுவதும் நின்றார், மறுநாளும் நின்றார். மறுநாள் மாலை அக்கரையில் துணி அசைவது நின்றது. அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரிந்துகொள்ள அவர் இன்னும் மூன்று நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. சித்தியும் போய்விட்டாள், குழந்தையும் போய்விட்டது.

ஏறக்குறைய ஓராண்டு அவர் அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் ஒன்றுதான்: "அடுத்த வெள்ளத்துக்கு நான் கரையில நிக்க மாட்டேன்."

ஆவணி மாதம் மோட்டார் வந்தது. ரயிலில் வந்து, பிறகு மாட்டுவண்டியில் வைக்கோலுக்கு நடுவே படுத்துக்கொண்டு வந்தது. ஆள் உயரத்தில் முக்கால் இருக்கும். கீழே மூன்று இதழ் விசிறி. மேலே உருண்டையான பித்தளைத் தொட்டி. தலையில் கனத்த இரும்புச் சக்கரம். அந்தச் சக்கரத்தின் ஓரத்தில் கையால் பிடித்துச் சுழற்ற ஒரு மரக்குமிழ். முந்தைய உடைமையாளன் எவனோ ஒரு துரை. அவனுடைய உள்ளங்கை வியர்வை அந்தக் குமிழைக் கருப்பாக்கியிருந்தது. பெட்ரோல் வாசனையை நான் அன்றுதான் முதன்முதல் முகர்ந்தேன். சித்தப்பாவுக்கு அது பழைய உறவினரின் வாசனை போலிருந்தது. மூக்கை வைத்து நெடுநேரம் நின்றார்.

விற்றவரும் வண்டியோடு வந்திருந்தார். துறைமுகத்தில் பழைய இயந்திரங்களைப் பழுதுபார்த்து விற்கும் மேஸ்திரி அவர். அப்பாவும் சித்தப்பாவும் நானும் கேட்க, அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்:

"தோ பாருப்பா, எல்லாம் நல்லாக்குது. ஆனா ரிங்கு தேஞ்சிருக்குது. புதுசு வந்தா அனுப்பறேன். அத மாத்தாம ஆத்துல எறக்காதே. குளத்துல வேணா வெளாடிக்கோ."

தெரு முழுதும் கூடியிருந்தது. "கப்பல்காரரே, மோட்டாரு வந்துடுச்சு, ஆறு எந்த ரயில்ல வருது?" என்று ஒருவர் கேட்டார். "மணல்ல ஓட்டினா பல்லு கூசும்பா" என்றார் இன்னொருவர். சித்தப்பா சிரித்தார். ஓராண்டில் அவர் சிரித்தது அன்றுதான். அப்பா அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பிற்காலத்தில் புரிந்துகொண்டது: பின்னர் நடந்தது அனைத்தும் அந்தப் பார்வையிலிருந்து தொடங்கியது.

மேஸ்திரி சொன்ன ரிங், அதாவது உருளைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றிய இரும்பு வளையம், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அறிய, அரிசி மில்லில் எஞ்சின் ஓட்டுபவரை அழைத்து வந்தார்கள். அவர் மோட்டாரின் பிளக்கைக் கழற்றினார். உருளையின் தலையில் சிறிய துளை ஒன்று திறந்தது.

"இதும் மேல கட்டைவிரல வெச்சு அமுக்கிக்கினு இருக்கணும். நான் சக்கரத்த சுத்தறேன். உள்ள காத்த இறுக்கற பலம் இருந்தா, விரல டப்புனு ஒதைச்சுத் தள்ளும். இதான் கம்ப்ரஷன். ரிங்கு தேஞ்சிருந்தா காத்து பக்கவாட்டுல ஓடிப்பூடும். விரலுக்கு ஒண்ணும் தெரியாது."

அப்பா விரலை வைத்தார். சக்கரம் சுழன்றது. "ஒண்ணுந் தெரியலியே" என்றார்.

"உன்து விரலாப்பா? கல்லு மாதிரிக்குது!"

உண்மைதான். தறியில் பழைய பாவின் நெடுக்கிழையோடு புதிய பாவின் நெடுக்கிழையைச் சாம்பல் தொட்டு முறுக்கி முறுக்கி இணைத்த விரல்கள் அவை. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான இழைகள். இருபது ஆண்டுச் சேலைகள். சித்தப்பாவின் விரலும் ஏறக்குறைய அப்படியே. மில்காரரின் விரல்களின் உணர்வைக் கொதிகலன் தின்றிருந்தது. அவர் சுற்றிலும் பார்த்து என்னைக் கண்டுபிடித்தார்.

"தம்பிய கூப்பிடு. பசங்க விரலு பொய் சொல்லாது."

நண்பர்களே, ஒரு கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது வாழ்வில் அதுவே முதல்முறை. விரலை வைத்தேன். இரும்பு குளிர்ந்திருந்தது. சக்கரம் சுழன்றபோது உள்ளிருந்து ஏதோ மெல்ல எழுந்து விரலின் சதையைத் தொட்டுவிட்டு அடங்கியது.

"எப்பிடிக்குதுடா?"

"தூங்கற கொழந்த மூச்சு விடற மாதிரி இருக்குது."

உவமை எனக்கே பிடித்திருந்தது. சபை அமைதியாகிவிட்டதால் நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று எண்ணினேன். அம்மா புறங்கையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனதன் காரணம் எனக்கு விளங்கவில்லை. சித்தப்பா மட்டும் என்னிடம் குனிந்து, "இன்னொரு தபா வெச்சுப் பாரு கண்ணு, மூச்சு வருதா?" என்று கேட்டார். வருகிறது என்றேன். அவர் சக்கரத்தை மிக மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருந்தார். மில்காரர்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

புதிய ரிங் அவ்வளவு எளிதில் வரவில்லை. அந்த அளவு சென்னையில் இல்லை, கப்பலில் வர வேண்டும் என்று மேஸ்திரி எழுதினார். ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. சித்தப்பா தறியில் உட்காருவதை விட்டுவிட்டார். நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருப்பவரைப் போல மோட்டாரின் அருகே அமர்ந்திருந்தார். அதை இரண்டு முறை முழுவதுமாகக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டினார். அப்பாவும் நானும் பக்கத்தில் இருந்து பார்த்தோம். எந்தத் திருகு எங்கே போகும் என்பது எங்களுக்கும் பழகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டை அம்மா அங்கேயே கொண்டுபோய் வைப்பாள். எடுக்கும்போது எறும்பு மொய்த்திருக்கும். பிறகு ஒருநாள், தாமே போய்த் தேடுவதாகச் சொல்லிச் சென்னைக்கு ரயிலேறினார்.

அவர் போன மறுநாள், பட்டப்பகலில், அப்பா என்னை மோட்டாரிடம் அழைத்தார். கையில் பட்டுக் கழிவு ஒரு பிடி இருந்தது.

"இத மூணு புரியா முறுக்கு. தலமுடியவிடக் கொஞ்சம் தடிமனா இருக்கணும். முடிச்சு ஒண்ணுகூட விழக் கூடாது."

முறுக்கினேன். அந்த வேலையில் எனக்குத் தெருவிலேயே நல்ல பெயர் இருந்தது. அப்பா உருளையைக் கழற்றினார். பிஸ்டனைச் சுற்றியிருந்த வளையத்தை விரித்து எடுத்தார். அது உட்காரும் பள்ளத்தில், நான் முறுக்கிய இழையை விளக்கெண்ணெயில் தோய்த்துச் சுற்றினார். அதன்மேல் பழைய வளையத்தைப் பொருத்தினார். தேய்ந்த வளையம் பட்டின் தடிமனால் வெளியே தள்ளப்பட்டு உருளையின் சுவரை இறுக அணைத்தது. நெசவாளனைத் தவிர வேறு எவனுக்கும் தோன்றாத வைத்தியம் அது. எங்கள் வீட்டில் பட்டு அறுந்து எவரும் பார்த்ததில்லை. மனிதர் இழுத்தால் மனிதர்தான் களைப்பார். இழுவிசையை மட்டுமே அறிந்த அப்பா, அந்த உருளைக்குள் இருப்பது இழுவிசையல்ல, நெருப்பு என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

"சித்தப்பாகிட்ட சொல்லணுமாப்பா?"

"வேணாம். அவனுக்கு இது ஓடறத பாக்கணும். ஒருதபா ஓடிச்சுன்னா தெளிஞ்சுடுவான், சோறு திம்பான். பஞ்சாங்கத்துல இந்த வருசம் மழ கம்மின்னு போட்டுக்குது. ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள ரிங்கு வந்துடும், நானே மாத்திடுவேன்."

"கேட்டார்னா?"

அப்பா சற்று யோசித்தார். அவர் நேர்மையானவர். என்னைப் பொய் சொல்லச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"பொய் சொல்லாதே. விரல்ல பட்டத மட்டும் சொல்லு."

அந்த ஒரு வாக்கியத்தில் என் கல்வி முழுவதும் அடங்கியிருக்கிறது.

சித்தப்பா நான்காம் நாள் வெறுங்கையோடு திரும்பினார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அப்பா அவரை உட்காரவிடாமல் மோட்டாரிடம் இழுத்துப் போனார்.

"ரிங்கு தேயலடா. கரி புடிச்சு ஒட்டிக்கினு இருந்துச்சு. சுரண்டி வுட்டுட்டேன். இப்ப பாரு."

நான் விரலை வைத்தேன். சித்தப்பா சக்கரத்தைச் சுழற்றினார். விரலைக் கழுதை உதைத்தது போலிருந்தது. டப்பென்ற ஓசை சுவரில் பட்டுத் திரும்பியது. சித்தப்பா மீண்டும் சுழற்றினார். மீண்டும் உதைத்தது. அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, மோட்டாரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நெசமாடா?"

"விரல தூக்கிப் போடுது சித்தப்பா."

முற்றிலும் உண்மையான வாக்கியம். அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசல்வரை ஓடினார். அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அப்பா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அடுத்த தெருவில் சாயக்காரரின் பெரிய தொட்டியில் நீர் நிரப்பி, விளிம்பில் பலகை கட்டி, மோட்டாரை அதில் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். மில்காரரும் வந்திருந்தார். இரண்டாம் சுழற்றலிலேயே அது உயிர் பெற்றது. தொட்டியின் அடியில் படிந்து கிடந்த அரக்குச் சாயத்தை விசிறி கிளப்பிவிட்டது; நீர் சிவந்து நுரைத்து, கூடியிருந்தவர்களின் வேட்டியில் தெறித்தது. நீலப் புகைக்கு நடுவே சித்தப்பா கைகளை விரித்துக்கொண்டு நின்றார். ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம் ஓடியிருக்கும். அணைத்தார்கள்.

"இப்ப சூட்டோட ஒருதபா விரல வெச்சுப் பாத்துடணும்பா. சில்லுனு இருக்கறப்ப எல்லாம் தூக்கும். சூட்டுலதான் மெய் தெரியும்" என்றார் மில்காரர்.

"கொழந்த விரலு வெந்துடும், விடு" என்றார் அப்பா.

"ஒரு நொடிதானே. இன்னா தம்பி, பயமா?"

பயம் என்ற சொல்லை என்னிடம் எவரும் பயன்படுத்தக் கூடாது என்று அக்காலத்திலேயே எனக்குக் கொள்கை இருந்தது. விரலை வைத்தேன். சித்தப்பா சுழற்றினார். தோல் வெந்தது. அந்த எரிச்சலுக்கு அடியில், மிகத் தெளிவாக, உதையல்ல, மூச்சு. முதல்நாள் வந்த அதே மூச்சு. தூங்குகிற குழந்தை.

"எப்பிடிக்குது?" என்று சித்தப்பா கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சிவந்த நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சுடுது சித்தப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா என் விரலைத் தம் வாய்க்குள் வைத்துச் சப்பி ஆற்றினார். மில்காரர், "சரி, போதும், ஆறட்டும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சோதனை முடிந்தது. நான் சொன்னது இரண்டாவது உண்மை. பிற்காலத்தில் நான் மேடைகளில் பயன்படுத்திய உத்திகளுள் இதைவிடச் சிறந்தது ஒன்றுமில்லை: கேட்ட கேள்விக்கு அருகில் நிற்கும் வேறொரு கேள்விக்கு உண்மையாக விடை சொல்வது. கைதட்டலில் எவரும் வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

பஞ்சாங்கம் பொய்த்தது. ஐப்பசி முதல் வாரத்திலேயே மேற்கே எங்கோ கொட்டிய மழை, எங்கள் வானம் வெளுத்திருக்கும்போதே ஆற்றில் வந்து சேர்ந்தது. தண்ணீர் வந்தால் எங்கள் ஊர் அதைத் தேரைப் பார்ப்பது போலப் போய்ப் பார்க்கும். பெண்கள் மஞ்சளும் பூவும் கொண்டுவந்து நீரில் விட்டார்கள். ஒருவர் கூடையில் வேர்க்கடலை விற்றார். சிவந்த நீரில் முழுத் தென்னை மரங்கள் வேரோடு புரண்டு போயின. தச்சர் செய்து கொடுத்த தட்டையடிப் படகில் சித்தப்பா மோட்டாரை மாட்டிக்கொண்டிருந்தார். அன்று எவரும் கேலி பேசவில்லை.

"மொத நட நான் ஒத்தையா போறேன். திரும்பி வந்தப்புறம் யாரு வேணா ஏறிக்கங்க" என்றார்.

அப்பா கரைச்சேற்றில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு வேணாம்டா. ரிங்கு வரட்டும்."

"அதான் நல்லா தூக்குதே. ரிங்கு எதுக்குண்ணா?"

"சொன்னா கேளுடா."

"ஏன்னு சொல்லு, கேக்கறேன்."

அப்பா தலையை உயர்த்திக் கரையைப் பார்த்தார். எங்கள் தெருவில் பாதி அங்கே நின்றது. உடன்பிறந்தவனிடம் ஒளித்துச் செய்த காரியத்தை அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது என்று அவர் சொல் தேடிக்கொண்டிருந்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டிய சொற்கள் எனக்குத் தெரியும். ஆனால் என்னை எவரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் சொல்வது என்பது நான் கற்ற ஒழுங்கு.

அப்போது அக்கரையில் ஒரு வெள்ளைத் துணி அசைந்தது.

சித்தப்பாதான் முதலில் கண்டார். அப்பாவின் விரல்களைப் படகின் விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். மரக்குமிழைச் சுழற்றினார். ஆறிக் கிடந்த மோட்டார் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அக்கரையில் யாரோ இருவர் நனைந்த வேட்டியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் காற்றில் உலர்த்தினார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

படகு நேர்கோடாகப் போயிற்று. கரை ஆரவாரித்தது. கேலி பேசியவர்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினார். நடு ஆற்றை நெருங்கியபோது எதிர்க்காற்று புகையை எங்கள் பக்கம் கொண்டுவந்தது.

பட்டு அசலா என்று பார்க்க எங்கள் வீடுகளில் இழை நுனியைக் கொளுத்துவார்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் அசல். அந்த நாற்றம் அறியாத குழந்தை எங்கள் தெருவில் கிடையாது. என் பின்னால் ஒரு பெண், "இன்னாமா இது, யாரோ முடிய கொளுத்தறாங்களா?" என்று கேட்டாள். அப்பாவின் கை என் தோள்மேல் இருந்தது. அது இறுகியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மோட்டாரின் ஒலி முதலில் தளர்ந்தது. பிறகு இருமியது. பிறகு ஆற்றின் ஒலி மட்டும் கேட்டது. படகு பக்கவாட்டில் திரும்பியது. சித்தப்பா சக்கரத்தைச் சுழற்றுவது தெரிந்தது. கை வட்டமிட்டது, வட்டமிட்டது. திடீரென்று நிறுத்தினார். குனிந்தார். கையில் ஏதோ கருவி. பிளக்கைக் கழற்றுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு கையை உருளையின் தலையில் வைத்து மறு கையால் சக்கரத்தை ஒருமுறை சுழற்றினார். அவ்வளவுதான். பிறகு அவர் துடுப்பை எடுக்கவில்லை. நிமிர்ந்து, நாங்கள் நின்ற கரையைப் பார்த்தார். அவ்வளவு தொலைவில் முகம் தெரியாது. தெரிந்தது என்று நான் சொன்னால் அது பொய்யாகும்.

புரண்டு வந்த மரம் ஒன்று படகைக் கவிழ்த்தது. மூன்றாம் நாள் கிழக்கே வெகுதொலைவில் உடல் ஒதுங்கியது. படகின் பலகைகள் அதற்கும் அப்பால் கிடைத்தன. மோட்டார் கிடைக்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் மேஸ்திரி வந்தார். செய்தி கேட்டு ஓடி வந்தவரை எங்கள் தெரு முனையிலேயே மடக்கி ஏசியிருக்கிறார்கள். பழைய இரும்பைத் தலையில் கட்டி ஓர் உயிரை வாங்கிவிட்டான் என்று. சட்டையில் சேறு அப்பியிருந்தது. வாசலில் நின்றே அப்பாவிடம் பேசினார். அவருக்குப் பின்னால் தெரு நின்றது.

"நான் சொல்லித்தானேப்பா குடுத்தேன், ரிங்கு தேஞ்சிருக்குது, ஆத்துல எறக்காதேன்னு? நீயும் கேட்டியே?"

அப்பா தரையைப் பார்த்தார். மேஸ்திரியின் பார்வை என்னிடம் வந்தது.

"தம்பி, நீதான் விரல வெச்சுப் பாத்தியாமே. விரல்ல இன்னா தெரிஞ்சுது, அத மட்டும் சொல்லு."

நான் படியில் ஏறி நின்றேன். என் குரல் நடுங்கவில்லை.

"வந்த அன்னிக்கு மூச்சு மாதிரி மெதுவாத்தான் இருந்துச்சு."

தெரு முணுமுணுத்தது. "பாத்தியா, வரும்போதே செத்துக்கினுதான் வந்துக்குது!"

"அதுக்கப்புறம்?"

"அப்பா கரி சுரண்டினதா சொன்னாரு."

"அதுக்கப்புறம்?"

"விரல தூக்கிப் போட்டுச்சு."

தேய்ந்த வளையம், கரி சுரண்டியதால் மட்டும் விரலை உதைக்காது. எங்களைத் தவிர, அங்கே நின்றவர்களுள் அதை அறிந்தவர் மேஸ்திரி ஒருவர்தான். அவருடைய கண்கள் அப்பாவின் கைகளுக்குப் போயின. உள்ளே தெரிந்த தறிக்குப் போயின. தறியின் காலடியில் கிடந்த பட்டுக் கழிவுக்குப் போயின. கடைசியாக என்னிடம் திரும்பின. கரையில் வீசிய நாற்றத்தைப் பற்றியும் வழியில் யாரேனும் அவரிடம் சொல்லியிருக்கலாம். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

அவர் அப்பாவை நோக்கிக் கைகுவித்தார். "என் மோட்டாருதான்பா. என்னை மன்னிச்சுடு" என்றார்.

பிறகு திரும்பித் தெருவுக்குள் நடந்தார். யாரோ மறுபடியும் சேற்றை வீசினார்கள். அவர் துடைக்காமல் நடந்தார். நான் படியிலேயே நின்றேன். வேண்டிய வாக்கியம் எழுவாயும் பயனிலையுமாக என் நாவில் முழுமையாக உருவாகியிருந்தது. அவர் தெருமுனையில் திரும்பி மறையும்வரை அது அங்கேயே காத்திருந்தது, அவர் மறைந்தார். அப்பா என் தலையில் கை வைத்து, "நல்லா பேசினே" என்றார். இவன் வக்கீலாக வேண்டிய பிள்ளை என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். தறியில் உட்கார வேண்டிய என்னைப் பள்ளியில் தொடர்ந்து படிக்க வைத்தது அந்தப் பேச்சுதான்.

அதன்பின் ஒவ்வொரு கோடையிலும், ஆறு வற்றியவுடன், அப்பா நீண்ட இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு மணலில் இறங்குவார். குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே கிழக்கே போவார். தம்பியின் நினைவுக்கு அந்த இரும்பையாவது எடுத்து வைக்க நினைக்கிறார், என்ன பாசம் என்று ஊர் உருகியது. நானும் பல ஆண்டுகள் அப்படியே நம்பினேன். என் இருபதாவது வயதில்தான், கம்பியோடு குனிந்திருந்த அவர் முதுகைப் பின்னாலிருந்து பார்த்தபோது விளங்கியது. வேறு யாரேனும் எடுத்துத் திறந்து பார்ப்பதற்கு முன் அவர் எடுத்துவிட வேண்டும்.

மேடையில் நிற்கும்போது வலக்கட்டைவிரலை மேசை விளிம்பில் அழுத்திக்கொள்ளும் என் பழக்கத்தை நீங்கள் கேலி செய்திருக்கிறீர்கள். மாட்சிமை என்று ஒருவர், ஆணவம் என்று ஒருவர். நான் ஒரு கேள்விக்கு அருகில் நிற்கும் வேறொரு கேள்விக்கு அழகாக விடை சொல்லி முடிக்கும்போதெல்லாம், மரத்துக்கு அடியிலிருந்து அந்த மூச்சு எழுந்து விரலைத் தொடுகிறது. அழுத்தினால் அடங்குகிறது. கைதட்டல் ஓயும்வரை அழுத்திக்கொண்டிருப்பேன்.

இவ்வளவு காலம் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். சென்ற வாரம், ஓரிக்கைக்குக் கீழே ஆற்று மணலில் பாசனத்துக்கு ஊற்றுநீர் எடுக்க ஊற்றுக்கால் வெட்டியவர்களின் மண்வெட்டி இரும்பில் பட்டது. தோண்டி எடுத்திருக்கிறார்கள். பித்தளைத் தொட்டி பச்சை பூத்து நசுங்கியிருக்கிறது; மரக்குமிழ் இல்லை; உருளை முழுதாக இருக்கிறது. அரிசி மில் கொட்டகையில் கிடத்தியிருக்கிறார்கள். செய்தியை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. எங்கே கிடைத்தது என்றோ எப்படி இருக்கிறது என்றோ அவர் கேட்கவில்லை.

"தொறந்துட்டாங்களா?" என்றார்.

இன்னும் இல்லை என்றேன். ஞாயிறு காலை மில்காரரின் மகன் அதைத் திறக்கப்போகிறான். வேடிக்கை பார்க்கத் தெரு வரும். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் வர வேண்டும்.

உள்ளே என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியும். துருவும் மணலும் இருக்கும். பட்டு அன்றே எரிந்துவிட்டது. மீதியை ஆறு கழுவியிருக்கும். உருளையைக் கழற்றியதும் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். அன்று விரல் வைத்தவன் நான்தான் என்பது ஊருக்குத் தெரியும். உள்ளே ஒன்றுமில்லை என்று நான் சொல்வேன். அது உண்மையாக இருக்கும். மிக நன்றாகவும் சொல்வேன்.

ஆகவே திறப்பதற்கு முன் எழுதிக் கொடுக்கிறேன். இழையை முறுக்கியவன் நான். சூட்டில் வைத்துப் பார்த்தபோது பலம் இல்லை. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. மேஸ்திரி எங்களிடம் மறைத்தது ஒன்றுமில்லை.

ஞாயிறன்று நான் பேச எழுந்தால் என்னை உட்காரச் சொல்லுங்கள். உங்களுள் குரல் வளம் குறைந்தவர் எவரேனும் இந்தத் தாளைப் படிக்கட்டும்.